நான்காம் துளையின் கீழ் விளிம்பு

லாரியின் கேபினை முன்பக்கமாகச் சாய்த்ததும் இன்ஜின் முழுதாகத் தெரிந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றான். அவள் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டிரைவரம்மா, வண்டிய இந்தக் கோலத்துல பாக்கப் பாவமா இருக்கா?"

"பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துகிட்டு உக்காந்த மாதிரி இருக்கு. நீங்க சீக்கிரம் பிடுங்குங்க."

லாரி அவளுடையது. ஓட்டுவது அவள். பழுது பார்ப்பது அவன். கல்யாணமான புதிதிலிருந்தே இதுதான் ஏற்பாடு. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு மற்றவர்களின் வண்டிகளும் வரும். அவள் வண்டி வந்தால் மற்றவை தெருவுக்குப் போய்விடும்.

சில மாதங்களாக லாரி மேடு ஏறத் திணறியது. மூன்றாம் கியரில் ஏறிய இடங்களில் இரண்டாம் கியர் கேட்டது. கறுப்புப் புகை கக்கியது. மலை மேல் அணை கட்டுகிறார்கள். அங்கே சிமெண்ட் ஏற்றிப் போக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் இழுவை விட்டுப்போனால் பின்னால் உருள வேண்டியதுதான்.

கோளாறு மேனிஃபோல்டில் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். டர்போ தள்ளும் காற்றை வாங்கி ஆறு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் கூடு அது. பழசின் வயிறு குறுகல். அதே இன்ஜினுக்குப் பிற்பாடு வந்த அகலமான கூடு ஒன்றைத் தேடச் சொல்லியிருந்தான். தேடியது அவள் தம்பி. உதிரிபாகக் கடை வைத்திருப்பவன்.

தம்பி அதைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தான்.

"மாமா, பேர் வைக்கிறீங்களா, நானே வெச்சிடட்டுமா?"

"கீழ வை மாப்ள. விழுந்தா உன் பேரைத்தான் வைக்கணும்."

தம்பி பெஞ்சில் வைத்தான். சாக்கைப் பிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னான்: "பைபாஸ்ல புதுசா ஒரு ஒர்க்‌ஷாப் வந்திருக்குக்கா. கம்ப்யூட்டர் வெச்சு எல்லாம் பாக்கறான். ஏசி ரூம்ல உக்கார வெச்சு ஜூஸ் தர்றான். மலைக்குப் போற வண்டி. ஒரு தடவை அங்க காட்டிட்டுப் போயேன்."

"ஜூஸ் குடிக்கணும்னா நீ போ. என் வண்டிய வேற கை தொட்டதில்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் ஸ்பேனரை எடுக்கக் குனிந்துகொண்டான். இடது கையால் எடுத்து, சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

தம்பி போன பிறகு வேலை தொடங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினான். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி உருவினான். போல்ட்டுகளை இரு ஓரங்களிலிருந்தும் மாற்றி மாற்றித் தளர்த்திக்கொண்டு நடுவுக்கு வந்தான். சின்ன நட்டு ஒன்று கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் ஓடியது.

"கிரீஸ்," என்றான்.

"சரி," என்று அவள் பொறுக்கிக் கொடுத்தாள்.

நட்டில் கிரீஸ் இல்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போன வாரம் அவன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தான். இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடந்தது. அது தெரியாமல் அடுப்படி வரை நடந்து வந்திருந்தான். அவள் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான்.

இருவருமாகப் பழைய கூட்டைத் தூக்கி இறக்கினார்கள். உள்ளே கரி, தார் போல அப்பியிருந்தது. சில துளைகளில் பாதிதான் வழி.

"இதுக்குள்ள காத்து எப்படிங்க போச்சு?"

"திருட்டுப் பூனை மாதிரி. உடம்ப ஒடுக்கிகிட்டு."

"பாவம், அதைப் போய்த் திட்டினேன் நான். ஏத்தத்துல நின்னு எப்படித் திட்டினேன் தெரியுமா?"

"மலைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு."

சிலிண்டர் ஹெட்டின் ஆறு துளைகளிலும் அவன் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்தான். சுரண்டும்போது எதுவும் உள்ளே விழக்கூடாது. பிறகு பிளேடைப் படுக்க வைத்து, கூட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சீவத் தொடங்கினான். உலோகம் மெல்ல வெளுத்து வந்தது.

இந்த இடத்தில் அவன் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் ஹெட்டின் முகப்பு முழுக்க ஒரு தடவை தடவிப் பார்ப்பான். தலைமுடி அளவு மேடு இருந்தாலும் விரல் நின்றுவிடும். மேடு இருந்தால் புது கேஸ்கெட் சரியாக உட்காராது. காற்று கசியும். இழுவை போகும்.

இன்று அவன் கண்ணை மூடவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து முகப்பின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தான். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான்.

"என்ன, ஸ்கேல் எல்லாம் புதுசா இருக்கு?"

"புது மேனிஃபோல்டு. ஒழுங்கா பாக்கணும்ல."

"அப்ப இத்தனை நாள் ஒழுங்கா பாக்கலையா?"

"டீ கேட்டா குறுக்கு விசாரணை பண்றியே."

"டீ எப்பக் கேட்டீங்க?"

"இப்பக் கேக்கறேன்."

அவள் உள்ளே போனாள். நான்காம் துளையின் கீழ் விளிம்பில் டீசல் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. அங்கே ஸ்கேல் நுழையாது. டார்ச்சும் சரியாகப் படாது. அவன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவினான். கையுறைக்கு மேல் கையுறை போட்டுத் தடவியது போல் இருந்தது. நடுவிரலை விட்டான். அதுவும் அப்படியே. துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். இருக்காது என்று நினைத்துக்கொண்டான். பிறகு, இருந்தால், என்று நினைத்தான். கேஸ்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் நின்றான்.

மழைக்காலத்துக்கு முன்பே கால் மரத்துப்போகத் தொடங்கியது. பிறகு விரல் நுனிகள். சர்க்கரை என்று அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கும் இருந்தது. டாக்டரிடம் போனால் அவர் அதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அவளுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் துணி சுற்றி, விளிம்பைப் பிடித்துக் கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றிய டீ. அவன் கீழே இறங்கி டம்ளரை வாங்கி, ஐந்து விரலையும் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

"இந்த கேஸ்கெட் பழசு மாதிரி இல்ல. உலோகத் தகடு. ஒரு தடவை அழுத்திட்டா திரும்பக் கழட்டிப் போட முடியாது. அதனால…"

அவன் பேசிக்கொண்டே போனான். அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். அவன் கை மாற்றுவான் என்று காத்திருந்தாள். டம்ளரைப் பெஞ்சில் வைப்பான் என்று காத்திருந்தாள். அவன் கேஸ்கெட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான்.

"சூடா இல்ல?"

அவன் டம்ளரைப் பார்த்தான். "ஆமா. சூடுதான்."

அவள் துணியோடு டம்ளரை வாங்கி வைத்தாள். அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் சிவந்திருந்தன. ஒவ்வொரு விரல் நுனியையும் தன் நகத்தால் லேசாக அழுத்தினாள். அவன் எங்கோ பார்த்தான்.

"ஸ்டூலைக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்கன்றேன்ல."

ஏறி நின்றாள். ஹெட்டின் முகப்பில் இந்தக் கோடியிலிருந்து விரலை ஓட்டினாள். மூன்று துளைகளைத் தாண்டினாள். நான்காவதில் விரலை வளைத்துக் குழாய்க்கு அடியில் விட்டாள். நின்றாள். திரும்பப் போய் மறுபடியும் வந்தாள்.

"இங்க என்னமோ இருக்கு."

"என்ன மாதிரி?"

"நகத்துல மாட்டுது. மீன் செதில் மாதிரி."

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் ஸ்டூலில் நின்றபடியே திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடி."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ வண்டிய வேற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிடுவேன்னு நினைச்சேன்."

"போயிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "மலை ஏறப்போறது நான். நீங்க இல்ல."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். கேஸ்கெட்டை மடியில் வைத்தான். அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் விழுந்தது. தம்பிக்கு போன் போடுகிறாள் என்று நினைத்தான். போட்டால் அதில் தப்பில்லை என்றும் நினைத்தான்.

திரும்பி வந்தபோது அவள் தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். அவனுடைய பழைய சட்டையை மேலே போட்டுக் கையை மடித்துவிட்டிருந்தாள். நகங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"பிளேடு எங்க?"

"நீ…"

"பிளேடு."

அவன் கொடுத்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான்.

"படுக்க வை. குத்தாத. ஹெட் அலுமினியம். கோடு விழுந்துட்டா போச்சு."

"தெரியுது."

"சீவணும். வெங்காயத் தோல் உரிக்கற மாதிரி."

"நான் வெங்காயம் உரிச்சு நீங்க எப்பப் பாத்தீங்க?"

"அதானே. வீட்ல சமையக்காரன் நானாச்சே. சரி, டயர்ல ஒட்டின தாரைச் சுரண்டுவ இல்ல, அந்த மாதிரி."

"அப்படிச் சொல்லுங்க."

செதில் துணியின் மேல் விழுந்தது. நகத்தின் பிறை அளவு இருந்தது. அவள் மறுபடியும் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். புருவம் எங்கே சுருங்கும் என்று பார்த்தான். அது சுருங்கவே இல்லை.

"வழவழன்னு இருக்கு."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும்."

"அப்ப சரி."

துணிகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். கேஸ்கெட்டை வைத்து, அகலமான புதுக் கூட்டைத் தூக்கிப் பொருத்தினார்கள். போல்ட் மரையில் சரியாக ஏறுகிறதா என்பதை விரல்தான் சொல்லும். அதனால் எல்லாப் போல்ட்டையும் அவள் கையால் தொடங்கி வைத்தாள். முறுக்குவது அவன் வேலை. அவன் பெட்டியின் அடியிலிருந்து டார்க் ஸ்பேனரை எடுத்தான். எவ்வளவு முறுக்கு வேண்டுமென்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும்.

"அது பயந்தவனுக்குன்னு சொல்லுவீங்க."

"பயம்தான்."

அவள் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. அவன் நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்குப் போனான். ஒவ்வொரு டக்குக்கும் நிறுத்தி அடுத்ததற்குப் போனான். கடைசிப் போல்ட்டுக்குப் பிறகு முதலிலிருந்து இன்னொரு சுற்று வந்தான்.

ஹோஸைத் திரும்ப மாட்டி, அதன் மறு வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து காற்று விட்டார்கள். அவள் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு முழுக்கத் தடவினாள். நான்காம் துளைக்கு அடியில் தலையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நுரை அப்படியே இருந்தது. ஹோஸ் கிளாம்பில் ஒரு குமிழி கிளம்பியது. அவன் அரைச் சுற்று முறுக்கினான். அது நின்றது.

மறுநாள் காலை அவள் லாரியை டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தினாள். தெருவில் பாதியை லாரி அடைத்துக்கொண்டது. டாக்டர் அவன் பாதத்தில் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மாத்திரை எழுதினார். இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அவள் மருந்துச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

"வீடு நடக்கற தூரம்தானே."

"வீட்டுக்கு யார் போறது? லோடு ஏத்தணும்."

சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பத்து மணிவாக்கில் மலை அடிவாரத்துக்கு வந்தார்கள். அவன் அவள் வண்டியில் லோடோடு உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கேபினில் அவளுடைய சாமான்கள் இருந்தன. கண்ணாடியில் மாட்டிய துண்டு, சீட்டுக்குப் பின்னால் மடித்த போர்வை, தண்ணீர் பாட்டில் ஒன்று. எதையும் நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தான்.

செங்குத்தான ஏற்றம் வந்தது. எதிரே வந்த லாரிக்காரன் கையைத் தூக்கி, "என்னக்கா, காவலுக்கு ஆள் வெச்சிருக்கீங்க?" என்றான். "கம்பெனி இன்ஜினியர்டா," என்று அவள் கத்தினாள்.

வண்டி மூன்றாம் கியரிலேயே ஏறியது. புகை இல்லை. டர்போவின் சீழ்க்கை ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கேட்டான். முதுகு சீட்டில் அழுந்துவது தெரிந்தது.

"அடுத்த தடவை வண்டிய எங்க விடப்போற?" என்று கேட்டான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். முன்னால் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பிரேக் பாக்கணும். கொட்டகையை காலி பண்ணி வைங்க. தடவிப் பாக்கற வேலை இருந்தா அதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடணும். இல்லன்னு மறைச்சீங்கன்னா, ஜூஸ் குடிக்கக் கிளம்பிடுவேன்."

"சரி."

"வெறும் சரியா?"

"சரிங்க டிரைவரம்மா."

கியரின் மேல் அவள் கை சும்மா கிடந்தது. மாற்றத் தேவை வரவில்லை. அவன் தன் கையை அதன் மேல் வைத்தான். சாலை கொஞ்ச தூரம் நேராகப் போனது.

"தெரியுதா?" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "கனம் தெரியுது."

"அது போதும்."

பாறை ஒரு பக்கம் நெருங்கி வந்தது.

"கையை எடுங்க," என்றாள். "வளைவு வருது."