பன்னிரண்டு லிட்டர்

எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவரும் சேர்ந்து வொர்க்‌ஷாப் நடத்துகிறார்கள் என்று தெருவில் சொல்வார்கள். அவர்கள் நடத்துவது சண்டை. நடுநடுவே சில வண்டிகளும் சரியாகிப் போகும்.

நான் பிக்கப் ஓட்டுகிறேன். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மேட்டு மேலே இருக்கும் மீன் சந்தைக்குப் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றிப் போவது என் பிழைப்பு. வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் பார்த்துவிட்டது. அந்த மாதம் இரண்டு முறை மேட்டில் எஞ்சின் சூடேறி நின்றுபோனது. பின்னால் ஐஸ் உருகித் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. மூன்றாவது முறை நின்றால் உன் நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த எஞ்சின் போனால் நானும் போனேன்.

எஞ்சின் எண்ணெய் மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டு, மதியம் லோடுக்குப் போக வேண்டும் என்றேன். எந்த எண்ணெய் என்று கேட்டதுதான் நான் செய்த தப்பு.

அண்ணன் கெட்டி எண்ணெய்க் கட்சி. பழைய எஞ்சினில் இடைவெளி விழுந்திருக்கும், இருபது ஐம்பது நம்பர் எண்ணெய் ஊற்றினால்தான் அடைக்கும், சத்தமும் குறையும் என்றான். மூலையில் ஒரு டிரம் நிறைய அதைத்தான் வைத்திருக்கிறான். கைப்பம்பால் ஜாடியில் இறைத்து ஊற்றுவான். தம்பி இளகின எண்ணெய்க் கட்சி. கெட்டி எண்ணெய் மேலே ஏறுவதற்குள் டர்போ காய்ந்து கருகிவிடும், சீல் வைத்த கேனில் வரும் ஐந்து முப்பதுதான் சரி என்றான். வண்டியோடு வந்த புத்தகத்தில் பதினைந்து நாற்பது என்று போட்டிருக்கிறது என்றேன். புத்தகம் எழுதினவன் இந்த மேட்டில் வண்டி ஓட்டினானா என்றான் அண்ணன். புத்தகம் பழசு என்றான் தம்பி. இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். தினமும் வண்டி ஓட்டுகிறவள் ஒருத்தி நடுவில் நிற்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாய்ச்சண்டை எப்போது கைச்சண்டை ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். தம்பி டிரம்மை எட்டி உதைத்தான். அண்ணன் எண்ணெய்க் கையாலேயே ஓங்கி ஓர் அறை விட்டான். தம்பி குனிந்து தலையால் முட்டினான். அண்ணனின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வடிந்தது. விலக்கப் போனவளுக்கு முழங்கை இடி கன்னத்தில் கிடைத்தது. யாருடைய முழங்கை என்று இன்றுவரை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் இறங்கி வந்தது அண்ணன். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சரி, போய் உன் கேனை வாங்கிட்டு வா, பாக்கலாம்" என்றான். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கடைக்கு ஓடினான். நான் எதிர்க்கடையில் சோடா வாங்கி, குளிர்ந்த பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வண்டிக்கு அடியில் நுழைந்து பழைய எண்ணெயை வடித்து ஃபில்டரை மாற்றியது அங்கிருந்து தெரிந்தது. அப்புறம் பானெட்டைத் தூக்கிவிட்டான்; அதற்குப் பின்னால் என்ன செய்தான் என்று தெரியவில்லை.

இங்கே அந்த வொர்க்‌ஷாப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணெய் வடித்தவன், எஞ்சின் மேலே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி டிரைவர் சீட்டில் வைப்பான். மூடி சீட்டில் இருந்தால் எஞ்சின் காலி, யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று அர்த்தம். ஊற்றியவன் மூடியை எடுத்துத் திருகிவிடுவான். பேசிக்கொள்ளாமலே மாதக்கணக்கில் ஒரே கூரைக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கு இது வசதி. அந்த வழக்கம் ஒருநாளும் தப்பியதில்லை.

தம்பி கேனைத் தோளில் சுமந்து வந்தபோது நானும் பின்னாலேயே உள்ளே வந்தேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த உதட்டோடு இளித்தான்.

"அதைக் கொண்டுபோய் நீயே குடி" என்றான்.

தம்பி கேனை அப்படியே அவன் வயிற்றில் எறிந்தான். அண்ணன் மடிந்து உட்கார்ந்தான். எழுந்தபோது சுவரில் மாட்டியிருந்த சங்கிலி ஸ்பேனர் அவன் கையில் இருந்தது, ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துக் கழற்றுவார்களே, அது. ஒரே வீச்சு. சங்கிலி தம்பியின் காதைப் பிய்த்துக்கொண்டு போய்த் தோளில் இறங்கியது. அவன் சட்டை ஒரு பக்கம் முழுக்கச் சிவந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

அத்தோடு தீர்ந்தது என்பதுபோல அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டான். வண்டிக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினான். தம்பி பாய்ந்து வந்து கதவை அறைந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. நடுவிரலும் மோதிரவிரலும்.

அந்தக் கை எதற்காக உள்ளே நீண்டது என்று மூன்று பேரில் இரண்டு பேர் யோசிக்கவில்லை. அதில் நானும் ஒருத்தி.

அண்ணனைத் தெருமுனைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பியையும் கூப்பிட்டேன், இவன் போகிற இடத்துக்கு வரமாட்டேன் என்று காதில் துணியைச் சுற்றிக்கொண்டான். கிளினிக்கில் டாக்டர் விரலை இழுத்து நேராக்கும்போது அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் நடுநடுவே சிரித்தான். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஜெயித்தவன் சிரிப்பான் என்றான். இவனுக்கு விரல் போனாலும் வீம்பு போகாது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கப் பொறுமை இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். தம்பி பானெட்டை மூடிக்கொண்டிருந்தான். காலிக் கேன் மேசைமேல் இருந்தது. "முடிஞ்சுது அக்கா, ஸ்டார்ட் பண்ணு" என்றான். மூடி சீட்டில் இல்லை. எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். புது ஃபில்டர் போட்டால் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அப்புறம்தான் அளவு பார்ப்பார்கள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கொஞ்சம் முக்கி, பிடித்துக்கொண்டது.

தம்பி வண்டிக்கு முன்னால் நின்றபடி அண்ணனைப் பார்த்து, "என் எண்ணெய். எப்படி ஓடுது பாத்தியா" என்றான்.

"உன் எண்ணெயா?" என்றான் அண்ணன். "நீ கடைக்குப் போனப்பவே ஊத்தினவன் நான்."

"மூடி சீட்லதானே இருந்துச்சு?"

அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "அதை எடுக்கத்தானேடா கையை விட்டேன்."

ஆறு லிட்டர் கொள்ளும் எஞ்சினில் பன்னிரண்டு லிட்டர்.

நான் சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் அணையவில்லை. நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. சத்தம் தானாக ஏறியது. டீசல் எஞ்சினுக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும். அளவுக்கு மீறிய எண்ணெயை உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரை காற்றுக்குழாய் வழியே திரும்ப எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அதற்கு டீசலும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அப்படியே விட்டால் வெடித்துத்தான் நிற்கும். கூரைத் தகரம் அதிர்ந்தது, அலமாரியிலிருந்து நட்டு போல்ட்டெல்லாம் கொட்டியது, நீலமும் வெள்ளையுமாகப் புகை கண்ணை மறைத்தது.

நிறுத்த ஒரு வழி உண்டு, எனக்கும் தெரியும். டாப் கியர் போட்டு, பிரேக்கை உயிர்போகிற மாதிரி மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். வண்டி ஒரு துள்ளு துள்ளி, மூச்சடைத்து நிற்கும். கியரைப் போட்டுவிட்டேன். கிளட்சிலிருந்து காலை எடுப்பதுதான் பாக்கி.

முன்னால் தம்பி நின்றான். வண்டிக்கும் இரும்பு மேசைக்கும் நடுவில் இரண்டடி இடம். பானெட்டைத் தூக்கி, காற்றுக்குழாயைப் பிய்த்து, கழற்றிய சட்டையை அதில் திணித்தான். எஞ்சின் சட்டையை உறிஞ்சி விழுங்கியது. தள்ளிப் போ என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காலை எடுத்தால் வண்டி பாயும், பாய்ந்தால் அவன் இடுப்பு நசுங்கும். எடுக்காவிட்டால் எஞ்சின் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தபடியே இருந்தேன். அவனை அவ்வளவு வெறுத்தது அந்த நேரத்தில்தான். விட மனசு வராததும் அப்போதுதான்.

அண்ணன் புகைக்குள் நுழைந்து, முறிந்த விரல்களாலேயே தம்பியின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இருவரும் பக்கவாட்டில் உருண்டு விழுவதற்கும் எஞ்சின் வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்த இரும்புத் தண்டு ஒன்று எஞ்சினின் வயிற்றைக் கிழித்து வெளியே வந்தது. ஒரு துண்டு பானெட்டைத் துளைத்துக் கூரையில் செருகிக்கொண்டது. கொதித்த எண்ணெய் தம்பியின் முன்கையில் தெறித்து, தோல் அங்கேயே சுருண்டது. அவன் தரையில் புரண்டு அலறினான்.

அப்புறம் அமைதி. குழாயடியில் தம்பியின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அண்ணன் முணுமுணுத்தான், தண்ணி எண்ணெய் ஊற்றினால் இப்படித்தான் என்று. அந்த வலியிலும் தம்பி, கெட்டி எண்ணெய்தான் காரணம் என்றான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ.

கீழே கிடந்த சங்கிலி ஸ்பேனரை எடுத்தேன். ஓரமாக நின்றது வொர்க்‌ஷாப்பின் சொந்த பிக்கப், அப்பா விட்டுப்போனது. என் வண்டியும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். அதன் எஞ்சினைப் போன வருஷம்தான் இருவருமாகப் பிரித்து மாட்டினார்கள். பெருமையை மட்டும் தனித்தனியாக அடித்துக்கொண்டார்கள். தினமும் துடைக்கிற அதன் ஹெட்லைட்டை ஒரே அடியில் நொறுக்கினேன். இருவரும் வாயை மூடினார்கள்.

"அடுத்தது முன்கண்ணாடி" என்றேன். "இதோட எஞ்சினை இறக்கி என் வண்டியில மாட்டுங்க."

"அது அப்பா வண்டி" என்றான் அண்ணன்.

"எஞ்சின்தான் கேட்டேன். வண்டியை நீங்க ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டுப் போங்க."

அன்றைய நடை வேறு வண்டிக்குப் போனது. மேனேஜரிடம் போனில் கெஞ்சினேன், கொஞ்சம் மிரட்டவும் செய்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணி வரை தவணை கொடுத்தார். கிளினிக்கில் தம்பிக்கும் கட்டுப் போட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஸ்பேனரும் கையுமாக நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆள், இரண்டே நல்ல கை. ஒருவன் பிடிக்காமல் இன்னொருவனால் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை. "பிடி", "விடு", "தூக்கு" என்று வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை எண்ணெயை நானே வாங்கி வந்தேன், புத்தகத்தில் போட்டிருக்கும் பதினைந்து நாற்பது. பழையதை நானே வடித்து, மூடியைச் சீட்டில் வைத்தேன். யாராவது ஊற்றினீர்களா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இல்லை என்று வாயால் சொல்ல வைத்தேன். கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தும் இருவரும் மூச்சு விடவில்லை.

ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் மெதுவாக, "அன்னிக்கு உடனே கிளட்சை விட்டிருந்தா அந்த எஞ்சின் பொழைச்சிருக்கும்" என்றான். குற்றம் சொல்லவில்லை, மெக்கானிக்காகச் சொன்னான்.

"தெரியும்" என்றேன்.

தம்பி இரும்பு மேசையைப் பார்த்தான், வண்டியின் மூக்கைப் பார்த்தான், நடுவிலிருந்த இரண்டடி இடத்தைப் பார்த்தான். அப்புறம் சுற்றி வந்து, கதவைத் திறந்து, சீட்டிலிருந்த மூடியை எடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊத்திட்டியா அக்கா?" என்று கேட்டான்.

அந்த வொர்க்‌ஷாப்பில் அவர்களில் ஒருவன் வாய்விட்டு அப்படி விசாரித்து அதுவரை நான் கேட்டதில்லை. கடைசிச் சொட்டு இறங்கும்வரை கேனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தேன். ஊற்றிவிட்டேன் என்று சொல்லிக் கையை நீட்டினேன். மூடியைக் கொடுத்தான்.