இருபது சைபர்

"சைபர்," என்றார் சீனிவாசராகவன், கேள்வி பாதியில் இருக்கும்போதே.

"சார், முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க," என்றாள் தாரணி. மல்லேஸ்வரத்துச் சர்க்கரை கிளினிக்கில் ஆய்வு வேலைக்கு வந்திருந்த தர்மபுரிப் பெண், மடியில் டேப்லெட். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதை லேப் சொல்லிவிடும். அதோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்பதை நோயாளிதானே சொல்ல வேண்டும்? அதற்குத்தான் இந்த இருபது கேள்விகள். தொந்தரவே இல்லையென்றால் சைபர், தாங்க முடியவில்லையென்றால் நாலு.

அரசாங்கத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் சீனிவாசராகவன். ஏழே நிமிஷத்தில் இருபது சைபர் சொல்லி முடித்து, நூற்றுக்கு நூறு வாங்கியவர் போல எழுந்தார்.

அடுத்தது அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. ஒருவர் பதில் சொல்லும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் வெளியே போய் உட்கார்ந்தார். நடுவில் மெல்லிய பிளைவுட் தடுப்பு.

"வியாதியோட தனியா போராடுற மாதிரி தோணுதாம்மா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் வெளியே கேட்டது.

"நாலுக்கு மேல கிடையாதா?"

"இல்லைங்கம்மா."

"அப்ப நாலே போட்டுக்கோ. ரெண்டு பேருக்கும் சுகர், பத்தியம் எனக்கு மட்டும். அவர் வாக்கிங்னு போய் மைசூர்பாக் சாப்டுட்டு வருவார். ரிப்போர்ட் ஏறித்துன்னா, நான் சாம்பார்ல வெல்லம் போட்டேனாம். வெல்லத்தை நிறுத்தி ஆறு வருஷமாச்சு."

தடுப்புக்கு வெளியே சீனிவாசராகவன் தன்னையறியாமல் சட்டையின் முன்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கால் எரிச்சல்?"

"மூணு. அவருக்கும் உண்டு. டிவி பாக்கறச்சே காலைத் தரையில தேச்சிண்டே இருப்பார். கேட்டா கொசுங்கறார். சரின்னு நானும் என் எரிச்சலைக் கொசுன்னே சொல்லிண்டிருக்கேன்."

போன மாதம்தான் அவளுக்கென்று அவர் கொசு பேட் வாங்கிக் கொடுத்திருந்தார். அவளும் வாங்கிக்கொண்டு, இல்லாத கொசுவைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முடிப்பதற்குள் அவர் உள்ளே போய் நின்றார். "என்னோடதைக் கொஞ்சம் திருத்தணுமே."

"சப்மிட் ஆயிடுச்சு சார். இனிமே மூணு மாசம் கழிச்சுதான்."

"எல்லாமே தப்பும்மா."

"இருபதுமா சார்?"

ஜெயலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். பிறகு பிளைவுட்டைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு பேரும் எதிர்ப் பூங்காவுக்கு நடந்தார்கள். அங்கே தோட்டக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சீனிவாசராகவன் கல் பெஞ்சில் உட்கார்ந்து, மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொசு இல்லை, ஜயா."

"தெரியும்."

"எத்தனை நாளா எரியறது உனக்கு?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"சார், ஹுல்லு மேலெ நில்பேடி!" என்று, புல் மேல் நிற்க வேண்டாமெனக் கையை ஆட்டி, தோட்டக்காரர் கன்னடத்தில் கத்தினார்.

"எரடே நிமிஷ," என்று இரண்டு விரலைக் காட்டினார் சீனிவாசராகவன்.

இரண்டு நிமிஷம் போயிற்று, ஐந்தும் போயிற்று. இருவரும் நகரவில்லை. தோட்டக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயை அந்த நாலு கால்களின் பக்கமாகத் திருப்பினார்.