இப்போதைக்கு ஊசி வேணாம்

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. அவங்க எதுக்கு அப்படிச் சொல்லப் போறாங்க?"

"சொன்னாங்கடி. இதோ நிக்கறாங்களே, நீயே கேளு."

"ஊசி வேணாம்னு ஆஸ்பத்திரியிலயே சொல்வாங்களா? ஊசி குத்தறதுதானே இவங்க பொழப்பு?"

"கேளுன்னா கேக்க மாட்டே. எல்லாத்துக்கும் என்மேலயே பாய்வே."

மனைவி திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில், வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தவளை மேலும் கீழும் அளந்தாள்.

"சொன்னீங்களா மேடம்?"

அப்படி நின்றவளுக்கு வார்டில் கேள்வியம்மா என்று பெயர். நீண்டகால நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆஸ்பத்திரி வைத்திருந்த ஆலோசகர் அவள். பேசுவதற்கு என்பதுகூடத் தப்பு, கேட்பதற்கு. சர்க்கரைக்காரர்கள், ரத்த அழுத்தக்காரர்கள், புகையை விட முடியாதவர்கள் எல்லாரும் அவள் அறைக்கு வந்து ஆளுக்கு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். அவள் வாயிலிருந்து கேள்வி தவிர எதுவும் வராது என்று செவிலியர்கள் சிரிப்பார்கள். மணி என்ன என்று கேட்டால்கூட, இப்ப மணி தெரியறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பாளாம்.

கட்டிலில் கிடந்தவர் பேருந்து ஓட்டுநர். இடது பாதம் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. துணியைத் தாண்டி வந்த நாற்றத்தை மனைவி வாங்கி வைத்திருந்த சோப்பு வாசனையாலும் மறைக்க முடியவில்லை. செருப்பு கடித்த புண், ஆறாமல் உள்ளே உள்ளேயே போய்க் கணுக்காலைத் தொட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், அதுவும் இன்று மாலைக்குள், என்று அறுவை மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஓட்டுநர் முடியாது என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"நான் சொன்னா அவருக்குக் காது கேக்கலை" என்று மருத்துவர்தான் அவளை மாடிக்கு அனுப்பினார். "நீங்க போய் உங்க வித்தையைக் காட்டுங்க. விஷம் மேல ஏறிடுச்சுன்னா முழங்காலோட நிக்காது. அதுக்கும் மேல போச்சுன்னா நான் கையைக் கழுவிட வேண்டியதுதான்."

அவள் வித்தையைக் காட்டத்தான் வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கேள்வி.

"அவர் பொய் சொல்றார்னு உங்களுக்குத் தோணுது" என்றாள் மனைவியிடம். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் தோணலை. சொன்னீங்களா இல்லையான்னு கேக்கறேன்."

ஓட்டுநர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். தொண்டையைக் கனைத்து, குரலை இறக்கி, கண்களை மென்மையாக்கிக்கொண்டு, கேள்வியம்மாவைப் போலவே சொல்லிக் காட்டினார்.

"'இப்போதைக்கு ஊசி வேணாம்.' இப்படித்தான் சொன்னாங்க. சொல்லிட்டு என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

அச்சு அசல் அவள் குரல். மடியில் கோத்த விரல்களைக்கூட விடவில்லை. அந்த வாக்கியத்தை ஒலிப்பதிவில் எத்தனையோ தடவை கேட்டிருந்தவள், அன்றைக்குத்தான் அவர் கேட்ட மாதிரி கேட்டாள்.

போன வருஷக் கடைசியில் நடந்தது அது. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை, இனி இன்சுலின் ஊசிதான் என்று மருத்துவர் எழுதிவிட, ஓட்டுநர் மறுத்துவிட்டு அவள் அறைக்கு வந்தார். ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு டிப்போவில் ஸ்டியரிங் கிடையாது, பணிமனையில் உட்கார்ந்து டிக்கெட் கட்டு எண்ண வேண்டியதுதான் என்றார். மழைநாளில் முன்கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போகிறதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதில் இருக்கிற சுகத்தைச் சொன்னார். வேகத்தடை வந்தால் பின்சீட்டுக் குழந்தைகள் வேண்டுமென்றே குதிப்பதைச் சொன்னார். கடைசியில், "இப்போதைக்கு ஊசி வேணாம்மா" என்றார்.

நோயாளியைத் திருத்தாதே என்பதுதான் அவள் படித்த முறையின் முதல் பாடம். புத்தி சொன்னால் அவர் எதிர்வாதம் செய்வார். செய்யச் செய்ய அந்த வாதத்தைத் தானே நம்பிவிடுவார். ஆகவே திருத்தத் துடிக்கிற நாக்கைக் கடித்துக்கொள். அவர் சொன்னதையே எடுத்து அவரிடம் திருப்பிக் கொடு. கேள்வியைப் போல முடிவில் குரலை ஏற்றாதே, இறக்கு. குளத்துக்குள் கல்லைப் போடாமல் மெல்ல வைப்பது போல. வைத்துவிட்டுச் சும்மா இரு. அந்த மௌனத்தில் அவரே மறுபக்கத்தைப் பேச ஆரம்பிப்பார்.

அவள் அதை மனதார நம்பினாள். நம்பக் காரணமும் இருந்தது. புகையை விட்ட காவலாளி ஒருவர், தினமும் நடக்கத் தொடங்கிய தையல்காரி ஒருத்தி, இப்படி ஆட்கள் அவள் கண்முன்னால் திரிந்தார்கள். ஆனால் அந்த முறை பிறந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆள் வேண்டும்போல. நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள் என்று ஆளைச் சேர்த்துத்தான் அங்கே சொல்ல முடியும். நம் பேச்சில் ஆளே இல்லாமல் வாக்கியம் எழுந்து நடந்து போய்விடும். வேணாம் என்றால் யாருக்கு வேணாம்? சொன்னவருக்கா, கேட்டவருக்கா? அவள் அவருடைய வார்த்தையை அப்படியே எடுத்து, குரலை இறக்கி, மெல்ல வைத்தாள்.

"இப்போதைக்கு ஊசி வேணாம்."

பிறகு சும்மா இருந்தாள்.

ஓட்டுநர் அவளையே பார்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நன்றிம்மா என்று எழுந்து போனார். மறுபக்கத்தை அடுத்த தடவை பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். அடுத்த தடவை அவர் வரவேயில்லை. வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு எதற்கு வருவது?

அந்த உரையாடலின் ஒலிப்பதிவைத்தான், அவளுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அந்தப் பெருமூச்சு வரும் இடத்தில் நிறுத்துவார். "கேட்டீங்களா? மனசு திறக்கற சத்தம் இது" என்பார். முன்வரிசையில் கேள்வியம்மா தலையைக் குனிந்துகொண்டு, வெட்கமும் பெருமையுமாக உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அவள், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தாள். மருந்து வண்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்று பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க சொன்னது அறிவுரை இல்லையே" என்றார் அவர். "பிரதிபலிப்பு. பதிவே இருக்கு."

"பதிவுல நான் வேணாம்னு சொல்றதுதான் சார் கேக்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடியே அவள் சும்மா இருந்தாள்.

"அப்போ அந்தப் பதிவை இனிமே போட வேண்டாம்" என்றார். "இன்னொண்ணு. கால் விஷயத்துல எந்தப் பக்கமும் வார்த்தை விட்டுடாதீங்க. முடிவு அவரோடது. நாளைக்கு இதையும் நீங்கதான் சொன்னீங்கன்னு வந்து நின்னா, உங்க வேலைக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. நல்லாப் பண்ணிட்டு வாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறையாக, யாரோ ஒருத்தரின் கண்ணைத் துடைத்துவிடுகிற மாதிரி. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். உள்ளே போகாமல் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

உள்ளே போனாள்.

"சொன்னேன்" என்றாள் மனைவியிடம். "அவர் பொய் சொல்லலை. ஆனா அது என் கருத்து இல்லைங்க. அவர் சொன்னதைத்தான் அவர்கிட்ட திருப்பிச் சொன்னேன்."

மனைவிக்கு இது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

"அவர் சொன்னதை அவர்கிட்டயே சொல்றதுக்கு ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவள் போல இருந்தது. "அந்த வேலையை எங்க வீட்டுச் சுவரே பாத்திருக்குமே மேடம்."

பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இத்தனை மாசமா இந்த மனுஷனைப் புளுகன், புளுகன்னு திட்டிட்டே இருந்தேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"விடுடி. நீ திட்டாட்டி எனக்குத் தூக்கம் வராது" என்றார் ஓட்டுநர்.

அவள் சிரிக்கவில்லை. அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். "கொதிக்குது" என்றாள்.

ஓட்டுநர் கேள்வியம்மாவைப் பார்த்தார். கண்கள் காய்ச்சலில் பளபளத்தன.

"உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. என் மனசுலயும் அதுதான் இருந்துச்சு. நீங்க சொன்னதும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். படிச்சவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்னன்னு. டிப்போல நாலு பேர்கிட்ட பெருமையாக்கூடச் சொன்னேன்." துணி சுற்றிய பாதத்தை மோவாயால் காட்டினார். "இது கிளச் காலு. கிளச் இல்லாத வண்டியெல்லாம் வந்தாச்சாம். எங்க டிப்போவுக்கு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

"அண்ணே" என்றாள் கேள்வியம்மா. எந்த நோயாளியையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. முறையில் அதற்கு இடமில்லை. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். பல வருஷம் தேய்த்து வழவழப்பாக்கிய வாய், தானாகவே தன் பாதையில் ஓடியது. "காலை எடுக்கறதைப் பத்தி நினைக்கும்போது உங்களுக்கு என்ன..."

ஓட்டுநர் கையைத் தூக்கினார், சாலையைக் கடக்கிறவரை நிறுத்துவதுபோல.

தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே வந்து கதவருகில் நின்றது. அறுவை மருத்துவர் உள்ளே எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவளும் கேள்வியம்மாவின் வாயையே பார்த்தாள்.

"கேக்காதீங்கம்மா" என்றார் ஓட்டுநர். "கேட்டுக் கேட்டுதான் இங்க வந்து கிடக்கேன். என் பொண்டாட்டி சொன்னா அழுகையில சொல்றான்னு தோணும். டாக்டர் சொன்னா கத்தி வெச்சிருக்கறவர் சொல்றார்னு தோணும். உங்க பேச்சை ஒரு தடவை நம்புனவன் நான். ஊசி வேணாம்னு சொன்ன அதே வாயால, காலை எடுத்துக்கட்டும்னு நீங்க சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் சரின்னுடறேன்."