கோட்டுக்கு ரெண்டடி இந்தப் பக்கம்

சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த கோப்பையை ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்னும் ஜெயித்த நிலையில்தான் இருக்கிறோம் என்று சீல் வைத்துக் கொடுப்பார்கள். தேவசகாயம் இதுவரை ஐந்து சீல் வாங்கியிருக்கிறார்.

ஆள் கொஞ்சம் தெனாவெட்டு. இருக்காதா பின்னே? எண்பத்திரண்டாம் வருஷத்து நாகர்கோவில்–மதுரை சாலைப் பந்தயம், இருநூற்று நாற்பது கிலோமீட்டர், சம்பளத்துக்கு ஓட்டுகிற கம்பெனி வீரர்கள் அறுபது பேர். அதில் இவர் முதல். கோட்டாறில் யாரைக் கேட்டாலும் கப்பு வீடு என்றுதான் வழி சொல்வார்கள். பெண் கொடுத்ததே கப்பைப் பார்த்துத்தான். அது இல்லையென்றால் தான் யார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்தத் தடவை கப்போடு, அன்றைக்குப் போட்டிருந்த மஞ்சள் பனியனையும் எடுத்துக்கொண்டார். முடிவுக்கோட்டில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார். அதையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார். யாரும் கேட்கவில்லை. சும்மா ஒரு பெருமைக்குத்தான்.

ஆபீசர் மங்கையர்க்கரசி போட்டோவின் மேல் ஸ்கேலை வைத்தார்.

“உங்க முன்சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கு. ரெண்டடி.”

“கைய ரெண்டையும் தூக்கியிருக்கேனே மேடம், பாருங்க.”

“கைய யார் வேணாலும் தூக்கலாம். சக்கரம்தான் கணக்கு. அப்புறம் என்னாச்சு?”

“எங்க ஊர்க்காரனுவ சைக்கிளோட அப்படியே தோள்ல தூக்கிட்டானுவ. நேரா மேடைக்கு.”

“அப்போ நீங்க இன்னும் வந்து சேரலை.”

தேவசகாயம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ என் கல்யாணம்?”

“வழியில நடந்தது.”

“எம் மக?”

“பந்தயத்துக்கு நடுவுல பிறந்திருக்கா. வாழ்த்துகள்.” ஆபீசர் ஒரு படிவத்தை நீட்டினார். “அஞ்சு மணிக்குள்ள கோட்டைத் தாண்டலைன்னா அந்தப் பந்தயமே ரத்து. கப்பை உருக்கிருவோம். கோடு வராந்தா கடைசியில இருக்கு. சைக்கிளை உள்ள கொண்டுவரலாம்.”

ரெண்டடிதானே! தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சள் பனியனைப் போட்டார். தொப்பைக்கு மேல் நின்றுகொண்டது. கப்பைக் கேரியரில் கட்டி, வராந்தாவில் ஏறி மிதித்தார்.

வராந்தா வள்ளியூர் தாண்டியும் முடியவில்லை. நாங்குநேரியில் டைப்பிஸ்டுகள் சன்னல் வழியாக வாழைப்பழம் நீட்டினார்கள். கயத்தாறில் ஒரு பியூன் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். கோவில்பட்டியில் மணி நாலு. தேவசகாயம் கவலைப்படவில்லை. முதலாவதாக வருகிறவருக்கு என்ன கவலை?

கடைசியில் கோடு இருந்தது. சுண்ணாம்புக் கோடு. ஆபீசர் நடந்தே வந்து, அவருக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மரியசிங்கமும் நின்றான். அன்றைக்கு ரெண்டாவதாக வந்தவன் என்று தேவசகாயம் நாற்பத்திரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே மரியசிங்கம். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். வயசு இருபத்தி நாலு. வேர்வை இன்னும் காயவில்லை.

தேவசகாயம் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் கோட்டுக்கு ரெண்டடி இந்தப் பக்கம் நின்றது.

“நீ தாண்டிட்டியா மக்கா?” என்றார்.

“உன்னைத் தோள்ல தூக்கும்போதே தாண்டிட்டேன்.”

“பொறவு ஏம்ல இங்கேயே நிக்க?”

“ரெண்டாவது ஆள் வந்தாத்தான் முதல் ஆளுன்னு எழுதுவாங்களாம்.”

“வீட்டுக்குப் போயிருக்கலாம்லா?”

“போனா கோட்டை அழிச்சிருவாங்க. அப்புறம் நீ எங்க வந்து சேருவ?”

தேவசகாயம் வாய்விட்டு அழுதார். ஆபீசர் மணி பார்த்தார். நாலு ஐம்பத்தெட்டு.

தாண்டினால் கப்பு அவனுக்கு. தாண்டாவிட்டால் யாருக்கும் இல்லை. திரும்பி ஓட்டிவிட்டால், கப்பு உருகினால் என்ன, கோட்டாறில் கப்பு வீடு என்ற பேராவது மிஞ்சும். இதையெல்லாம் அவர் ஒரு நிமிஷம் முழுசாக யோசித்தார். அப்புறம் ஹேண்டில்பாரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மிதி மிதித்தார்.

ஆபீசர் சீல் வைத்தார். தேவசகாயத்துக்கு ரெண்டாம் பரிசாக ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார். கப்பைக் கையில் வாங்கியதும் மரியசிங்கத்துக்கு அறுபத்தாறு வயசானது. முடி நரைத்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

“ஊருக்கு எது வழி மேடம்?” என்று தேவசகாயம் கேட்டார்.

“வந்த வழிதான். இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். எதிர்க்காத்து இருக்கும்.”

“முடியாது மக்கா,” என்றான் மரியசிங்கம். “நீ போ.”

தேவசகாயம் அவன் கையைப் பிடித்துத் தூக்கி அவனுடைய சைக்கிளில் ஏற்றினார். குக்கரைத் தன் கேரியரில் கட்டினார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் முன்னால போறேன்,” என்றார். “என் பின்சக்கரத்தை ஒட்டியே வா. உம்மேல காத்து படாது.”