ரௌனோ வாசித்தது எது?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். சென்னையில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "பதினெட்டு வருஷமா பின்லாந்துல இருக்கீங்க. தடுக்கி விழுந்தா ஒரு மெட்டல் குழு மேலதான் விழணும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ராக், மெட்டல் எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு, எலெக்ட்ரானிக் இசை வந்து முழுங்கிடுச்சுங்கிறாங்களே, நிஜமா? ஒரு பத்துப் பக்கம் எழுதிக் குடுங்க." ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதில் நான் தாராளமானவன்.

மூன்று பக்கம் எழுதினேன். "கிதாரின் மரணத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒருமுறை..." என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. அதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அப்படியே கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.

அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர் தன் தோள்பட்டையைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு குவளை காபி ஆறிப்போனது. கட்டுரையை மூடிவைத்தேன். அவருக்கு இங்கே பெயர் ரௌனோ. நிஜப் பெயர் வேறு. சொன்னதில் பாதி அவருடையது, மீதியை நான் போட்டேன். எந்தப் பாதி எது என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கனத்த இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு பாதாள அறைக்குள் இறங்கிய ரௌனோ, இருட்டில்..."

அடித்துவிட்டேன். போர்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். குவோபியோ நகரில் எங்கள் அடுக்குமாடிக்கு அடியில் குண்டு விழுந்தால் பதுங்க ஓர் அறை இருக்கிறது. குண்டு விழாத நாட்களில் அதில் சைக்கிள்களும் ஒரு மெட்டல் குழுவும் குடியிருக்கின்றன. சுவர் அவ்வளவு கனம். உள்ளே எவ்வளவு அலறினாலும் மேலே தூங்கும் குழந்தை புரண்டுகூடப் படுக்காது.

இரண்டாவது தொடக்கம்: "ரௌனோவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பிழைப்பு, கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய் பொருத்துவது. உயிர், டிரம்ஸ்." இது பரவாயில்லை, இருக்கட்டும். (இத்தனை வயதானவரை இனிமேல் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு 'அவர்' ஒட்டவில்லை.)

போன இலையுதிர்காலத்தில் ரௌனோவின் குழு ஒரு ஆல்பம் பதிவு செய்தது. தன் பங்கை வாசித்து முடித்த மறுவாரமே ரௌனோ வேலையிடத்தில் ஏணியிலிருந்து சறுக்கினான். இடது தோளில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, குளிர்காலம் முழுக்கக் கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். குழுவோ கோடையில் ஏரிக்கரை விழாவில் வாசிக்க ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. அதனால் அவன் உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, கணினியில் செய்த டிரம்ஸை அதில் ஓடவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஏற்பாடு செய்தவன் கிதார் வாசிக்கும் கிம்மோ. பள்ளிக்கூடத்திலிருந்தே ரௌனோவின் நண்பன். பெட்டிக்குள் இருப்பதைச் செய்தது யார் என்று ரௌனோ கேட்கவே இல்லை. எதிரியின் ஊர் பேரை எதற்கு விசாரிப்பது என்று விட்டுவிட்டான்.

3

இப்போது மெர்யா.

எலெக்ட்ரானிக் இசை செய்பவர் ஒருவர் இந்தக் கதைக்கு வேண்டும். முதல் வரைவில் மெர்யா ரௌனோவின் மகள். இருபது வயது, நீலமாகச் சாயமடித்த தலைமுடி, மடிக்கணினி. அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை, பழசுக்கும் புதுசுக்கும் சண்டை, கடைசியில் கட்டிக்கொண்டு கண்ணீர். எழுத எழுத எனக்கே கொட்டாவி வந்தது. மகளை நீக்கிவிட்டேன்.

உண்மையில் மெர்யா அவன் மனைவி. அவனைவிட ஒரு வயது மூத்தவள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று ஊரில் பெயர். சாயங்காலம் சமையலறை மேஜையில் ஹெட்ஃபோனால் காதுகளை மூடிக்கொண்டு கணினியில் பாட்டு செய்வாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாம்பரே நகரில் ஏதாவது ஒரு நடனக்கூடத்தில் அவள் இசைக்கு ஆட்கள் ஆடுவார்கள். ரௌனோ அவளை ரயில் நிலையத்தில் கொண்டு விடுவான், திரும்பக் கூட்டி வருவான். உடன் போனதில்லை.

"என்ன, வாஷிங் மெஷின் இன்னிக்கு நல்லா சுத்திச்சா?" என்று காரில் ஏறியதும் கேட்பான்.

"சுத்திச்சு. உன் சட்டையைத்தான் காணோம்" என்பாள்.

இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் இது ஒரு வேடிக்கையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டுமாவது அப்படித்தான் தோன்றியது.

4

வசந்தத்தில் கையை இறக்கிவிட்டு ரௌனோ இரண்டு ஒத்திகைக்குப் போனான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கட்டடத்தின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் ரௌனோவுக்கும் கிம்மோவுக்கும் முறை. சங்கடமான எதையும் கிம்மோ அங்கேதான் பேசுவான். உடுப்பில்லாதவனிடம் உடுப்பில்லாமல் சொல்லிவிடுவது சுலபம்.

"தோள் எப்படிடா இருக்கு?"

"இருக்கு."

(இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் கல்லின் மேல் இரண்டு முறை தண்ணீர் ஊற்றப்பட்டு, ஆவி எழுந்து, அடங்கியது. அந்த மௌனத்தை அப்படியே எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று சுருக்கியிருக்கிறேன். இனி வரும் பேச்சிலும் அப்படித்தான்.)

"கோபப்படாதே. விழாவுக்கு அந்தப் பெட்டியையே வெச்சுக்கலாம்னு நினைக்கிறோம்."

"நினைக்கிறோமா, நினைக்கிறியா?"

"நான்தான் நினைக்கிறேன். போன தடவை நாலாவது பாட்டுக்கெல்லாம் உன் கை தொங்கிடுச்சு. பார்த்தேன்."

"அப்போ மேடையில என் இடத்துல என்ன இருக்கும்? மேஜை போட்டு மூடி வெப்பியா?"

"மேஜை எதுக்கு? ஸ்டூல் போதும்."

ரௌனோ சிரிக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு மெட்டல்காரன்! இன்னிக்கு எனக்குப் பதிலா ஒரு டப்பா வாசிக்கும், நாளைக்கு உனக்குப் பதிலா ஒரு டப்பா வாசிக்கும். அப்புறம் எல்லாரும் வீட்டுல உக்காந்து பனி தள்ள வேண்டியதுதான்."

"உக்காந்துக்கிட்டு எப்படிடா பனி தள்ளுவே?"

"பேச்சை மாத்தாதே. டப்பாவுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவன்தான் இப்படிப் பேசுவான். ஒரே பாட்டை ரெண்டு தடவை போடு. ஒண்ணு நான் ஸ்டூடியோவுல வாசிச்சது, ஒண்ணு உன் டப்பா. எது நான்னு சொல்லத் தெரியலைன்னா நானே எழுந்து போறேன். விழாவுக்கு மட்டும் இல்ல, மொத்தமா."

"யோசிச்சுச் சொல்லு."

"சொல்லிட்டேன்."

முப்பத்தைந்து வருடமாக அவன் உட்கார்ந்திருந்த இடத்தை இப்படி ஒரு மூச்சில் பந்தயம் வைத்தான். அவனிடம் சொந்தமென்று சொல்லிக்கொள்ள வேறு பெரிதாக எதுவும் இல்லை. எனக்கு அவன் மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

5

சிற்றிதழ் நண்பரை முழுசாக ஏமாற்றக் கூடாது. கொஞ்சம் கட்டுரை.

சாகிறதா? கோடையில் இங்கே விழா மைதானங்களில் கறுப்புச் சட்டைக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சட்டைகளுக்குள்ளே வயிறுகள் வளர்ந்துவிட்டன. இளையவர்கள் பக்கத்து மைதானத்தில், கிதாரே இல்லாத மேடைக்கு முன்னால் குதிக்கிறார்கள். ஆகவே மெட்டல் என்பது [இங்கே ஒரு முடிவு வர வேண்டும். வரவில்லை.]

ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டேன். இந்தக் கதைக்கு அது வேண்டும், கவனியுங்கள். இன்று பல மெட்டல் பதிவுகளில் டிரம்மர் வாசித்தது வாசித்தபடி வெளிவருவதில்லை. கணினியில் கோடு போட்ட தாள் மாதிரி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அடியையும் ஒலிப்பதிவாளர் எடுத்து, முந்தியதைப் பின்னுக்கும் பிந்தியதை முன்னுக்கும் நகர்த்தி, கோட்டின் மேல் உட்காரவைக்கிறார். அடியின் சத்தத்தையே எடுத்துவிட்டு வேறு நல்ல சத்தத்தை வைப்பதும் உண்டு. கை ஆளுடையது, காலமும் ஓசையும் கணினியுடையது. எலெக்ட்ரானிக் இசை வாசலில் வந்து நிற்கிறது என்று மெட்டல்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். அது எப்போதோ உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

ரௌனோவுக்கு இது பொதுவாகத் தெரியும். தன் அடிகளுக்கும் அது நடந்திருக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் மயக்க மருந்தில் கிடந்தபோது அந்த வேலை முடிந்திருந்தது. பிறகு கேட்கத் தோன்றவில்லை.

6

மருத்துவமனை வாகன நிறுத்தம், மதியம். கிம்மோவின் வேன். ஓட்டுநர் இருக்கையில் கிம்மோ, பக்கத்தில் ரௌனோ. வேலை முடிந்து வந்த மெர்யா பின்னால் ஏறினாள். பந்தயம் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

"ரெண்டு நிமிஷம் மெர்யா, ஒரு சின்ன சோலி" என்று கிம்மோ பாட்டைப் போட்டான்.

முதலாவது ஓடியது. அப்பழுக்கில்லாத டிரம்ஸ், சுவரில் வரிசையாக ஆணி அடித்தது போல. இரண்டாவது ஓடியது. பல்லவிக்குள் நுழையும் இடத்தில் அடி ஒரு மயிரிழை முந்தி விழுந்தது. ரௌனோ தொடையில் தட்டிச் சிரித்தான்.

"இதுதான்! ரெண்டாவதுதான் நான். கேட்டியா, பல்லவிக்கு எப்பவும் அவசரப்பட்டு உள்ளே விழுவேன். வாத்தியார் அடிச்சும் திருந்தல. டப்பாவுக்கு அவசரம் ஏதுடா?"

கிம்மோ ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"முதல்ல வந்ததுதான் நீ. ஸ்டூடியோக்காரர் எல்லாத்தையும் நேராக்கிட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றார்."

"அப்போ ரெண்டாவது?"

"நான் பண்ணினது" என்றாள் மெர்யா.

ரௌனோ திரும்பினான். பாதிதான் திரும்ப முடிந்தது, தோள் விடவில்லை.

"கிம்மோ கேட்டான், குளிர்காலத்துல. ஒத்திகைக்கு."

"அந்தத் தப்பை எதுக்கு வெச்சே?"

"நீ வெக்கிறியே! நான் நேரா பண்ணிக் குடுத்தா இவனுங்க நேருக்குப் பழகிடுவானுங்க. நீ திரும்பி வந்ததும் எல்லாம் தட்டுக்கெட்டுப் போகும். உனக்கு இடம் அப்படியே இருக்கணும்னுதான்."

மிகச் சாதாரணமாகச் சொன்னாள், சோற்றை மூடிவைத்தேன் என்கிற மாதிரி. இந்த வரியை எழுதிவிட்டு மூன்று முறை நானே திரும்பப் படித்தேன். எழுத்தாளன் இதைச் சொல்லக் கூடாது என்பார்கள், சொல்லிவிட்டேன்.

ரௌனோ முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "நான் தோத்துட்டேன்."

"டேய், இதுல தோல்வி எங்கடா வந்துச்சு?" என்றான் கிம்மோ.

"டப்பாவைக் காட்டி நான்னு சொன்னேன் இல்ல? வாக்கு வாக்குதான். நான் எழுந்துக்கிறேன்."

அப்போதுதான் மெர்யாவுக்குப் பந்தயம் புரிந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ரௌனோ இரண்டு முறை பார்த்திருக்கிறான், இது மூன்றாவது.

"ஓகோ. உன் தப்பு ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேஜையில நீ தட்டுறதுலயே எந்தப் பாட்டுன்னு சொல்வேன். நீ என்னோடதுல ஒண்ணாவது முழுசா கேட்டிருக்கியா?"

"அது வந்து..."

"சொல்லு. வாஷிங் மெஷின்னு சொல்லு."

அவன் தோளைத் தடவிக்கொண்டான்.

"சரி, உன் வாக்கை நான் கெடுக்கல. ஆனா டப்பாவுல இருக்கிறது என்னுது. நான் குடுத்தாத்தான் அது மேடை ஏறும். இப்போ நான் ரெண்டு போடுறேன். ஒண்ணு நான் பண்ணினது, ஒண்ணு ஜெர்மனியில யாரோ பண்ணினது. என்னோடது எதுன்னு சொல்லு. சொல்லிட்டா டப்பா கிடையாது, நீயே போய் உக்காரு. தெரியலைன்னா எழுந்துக்கோ, டப்பா வாசிக்கட்டும்."

கிம்மோ சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டான். அவனுக்குப் பிழைக்கத் தெரியும்.

7

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ரௌனோ சரியாகச் சொல்கிறான். கேட்காமலே எல்லாம் காதில் விழுந்து ஊறியிருந்ததாம். விழாவில் உட்கார்ந்து, வலியோடு, பல்லவிக்கு முந்தி விழுந்து... நான் நம்பவில்லை. காதுகளை மூடிக்கொண்டு அவள் செய்த பாட்டு அவன் காதில் எப்படி விழும்?

இன்னொன்றில் தவறாகச் சொல்கிறான். இடம் போகிறது. வேன் கிளம்புகிறது. யாரும் பேசவில்லை, வீட்டுக்குப் போய் அவள் காபி போடுகிறாள், அவன்... இதை நம்பினேன். நம்பியதாலேயே முடிக்க முடியவில்லை.

சிற்றிதழ் நண்பர் மறுபடி கூப்பிட்டார். "என்னங்க, செத்துச்சா இல்லையா? ஒரு வரியில சொல்லுங்க." எனக்குத் தெரியாது என்றேன். வைத்துவிட்டார்.

ஆகையால் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். இரண்டு பாட்டும் ஓடி முடிந்தன. அவற்றில் மெர்யாவுடையது எது என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டேன், ரௌனோவுக்கும் யாரும் சொல்லவில்லை. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். கையை நீட்டி வேனின் வெப்பக்காற்று விசிறியை அணைத்தான். முதல் முறையாக அந்தச் சின்ன இரைச்சல்கூட அவனுக்கு இடைஞ்சலாக இருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றான்.

அவள் போட்டாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் இறங்கி, கிம்மோ நிற்கிற பக்கமாகப் போகிறேன். நீங்கள் பின் இருக்கையில், மெர்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவன் என்ன சொல்கிறான் என்று உங்களுக்குத்தான் கேட்கும்.