மீட்டிங்கில் இருக்கும் புரோக்கர்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால், அவளை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும், வாடகை வருகிற மாதிரி ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள். கண்ணில் பட்டது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த மாடி வீடு. கீழே பூட்டிய கடை, மேலே ஒரு குடித்தனம். கேட்டில் 'விற்பனைக்கு' என்ற பலகை, அதில் புரோக்கரின் நம்பர்.

அந்த நம்பரோடுதான் மல்லுக்கட்டு. முதல் தடவை எடுத்த புரோக்கர், "மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடறேன்" என்றார். அதோடு சரி. மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. ஒருமுறை வீட்டைக் காட்டுகிறேன் என்று வரச் சொன்னார். வெயிலில் கால் கடுக்க நின்றதுதான் மிச்சம்.

"நம்மளப் பாத்தா வாங்கற மூஞ்சியாத் தெரியல போல. விட்டுத் தள்ளு," என்றார் கணவர்.

"வாங்க வந்தவ நான். நான் ஏன் விடணும்?"

மாலை வகுப்பு முடிந்ததும் நேரே போய் மாடிக் கதவைத் தட்டினாள். குடியிருந்த பெண் ஈரத் துணியைத் தோளில் போட்டபடி வந்து, ஓனரம்மா அடுத்த தெருவில் மகளோடு இருப்பதாகச் சொன்னாள்.

ஓனரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். கிளட்ச் அக்கா அங்கே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பாக்கலைன்னாரேம்மா! விலையக் குறைச்சா அவரு மச்சானே எடுத்துக்கறாராம். நாளைக்கு அட்வான்ஸ் வாங்கறதா இருந்தேன்."

கிளட்ச் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"உங்க போன்ல கூப்பிடுங்கம்மா. ஸ்பீக்கர்ல போடுங்க."

உடனே எடுத்தார் புரோக்கர். "சொல்லுங்கம்மா!"

"வேற யாராச்சும் வீட்டைக் கேட்டாங்களா தம்பி?"

"சத்தியமா ஒருத்தர் கூட இல்லம்மா. மார்க்கெட்டே படுத்துடுச்சு."

"படுக்கலைங்க. இங்க சோபாவுல உக்காந்திருக்கு," என்றாள் கிளட்ச் அக்கா. "மீட்டிங் முடிஞ்சிருச்சா?"

புரோக்கர் எகிறினார். "என்னைத் தாண்டி வித்துடுவீங்களா? நான் யாருன்னு காட்டறேன்!"

"ஊசி போடறதுக்கு முன்னாடியே கத்தாதீங்க," என்றார் ஓனரம்மா. "கடைச் சாவியக் கொண்டாந்து குடுத்துட்டு, பலகையக் கழட்டிட்டுப் போங்க."

புரோக்கர் வரவில்லை. மறுநாள் கிளட்ச் அக்காவே ஓனரம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போய், மச்சான் பார்த்திருக்க, சாவியைக் கேட்டு வாங்கினாள். வீட்டில் சுவர் ஓதம், ஒழுகுகிற மொட்டை மாடி எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒளிவுமறைவில்லாமல் பேரம் பேசி முடித்தார்கள்.

பத்திரம் பதிந்த அன்று, மாடிக் குடித்தனப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வாடகையை ஏத்திடுவீங்களாக்கா?"

"முதல்ல ஒழுகறதை அடைப்போம். அப்புறம் சாவகாசமா சண்டை போடலாம்," என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.