சில்லென்று இருந்த சிங்க்

இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே மின்தூக்கி நின்றுவிட்டது. அன்று காலை அதன் மோட்டாரை இயக்கும் டிரைவ் பெட்டியைப் பழுதுபார்த்தவன் நானே. ஆகவே, என்னுடன் அகப்பட்டுக்கொண்ட குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பார்வையில் அனுதாபம் சிறிதும் இல்லை.

"வைத்தியம் பாத்த டாக்டரே உள்ள மாட்டிக்கிட்டாரு," என்றார். "நாளைக்குத்தான் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதா இருந்தேன்."

அந்தப் பெட்டி இருந்த மொட்டைமாடி அறையில் என் மனைவியின் தம்பி இருந்தான். நாற்பது வயதிற்குள் இரண்டு வேலைகளை இழந்தவன். என் சொல்லை நம்பிச் செயலாளர் அவனைக் கட்டடப் பராமரிப்பிற்குச் சேர்த்து மூன்று வாரமே ஆகியிருந்தது. கைப்பேசியில் அவனை அழைத்து, செயலாளரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, பெட்டியில ஓ.ஹெச்.னு எழுத்து மின்னுது."

அளவுக்கு மீறிச் சூடேறியதால் டிரைவ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்பதற்கு அதுவே குறி.

"மாப்ள, சிங்க்கைத் தொட்டுப் பாரு. பாத்து, கை சுட்டுடப் போகுது."

சற்று நேரம் கழித்து, "எங்க சுடுது? சில்லுனுதான் இருக்கு," என்றான்.

ஹீட் சிங்க் என்பது அலுமினியத் தகடுகளாலான வெப்ப உறிஞ்சி. அது வெப்பத்தை அழிப்பதில்லை. பெட்டிக்குள் சூடாகும் மின்பாகமான மாட்யூலிடமிருந்து பெற்றுக் காற்றிடம் ஒப்படைக்கிறது. பெட்டி கொதிக்க, அது குளிர்ந்திருக்கிறது என்றால், வெப்பம் அதனை அடையவேயில்லை என்று பொருள். காலையில் புதிய மாட்யூலைப் பொருத்துமுன், அதனடியில் ஒட்டியிருந்த, வெப்பத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தேனா? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தப்பு என்னுதுதான் சார். ஒரு தாளை உரிக்காம விட்டுட்டேன்."

ஸ்பீக்கரை அணைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்தேன்.

"நல்லாத் தொட்டியா மாப்ள?"

"தொட்டேன் மாமா. கை கழுவுற சிங்க் எப்படிச் சுடும்?"

வாய்வரை வந்த வசவை விழுங்கினேன். "பெட்டிக்குப் பின்னாடி, சீப்பு மாதிரி இருக்குமே, அது."

"ஐயோ! கொதிக்குது மாமா! அதுமேல என் ஈரச் சட்டை கிடக்கு. காயட்டும்னு போட்டேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க!"

வெப்பம் முறையாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. வெளியேற வழியின்றித் தேங்கிவிட்டது. என் வேலையில் பிழையில்லை. அதைச் சொன்னால் நான் தப்பிப்பேன். அவன் மூன்றாவது வேலையையும் இழப்பான்.

"அதை எடு," என்றேன்.

"எதை எடுக்கச் சொல்றீங்க?" என்றார் செயலாளர்.

"மூடியிருந்ததை சார்."

அவர் அதனைத் தாள் என்றே கொண்டார். நான் திருத்தவில்லை.

பெட்டி ஆற இருபது நிமிடங்கள் ஆயின. மின்தூக்கி அசைந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"மறைக்காம சொன்னீங்க, சந்தோஷம். ஆனா நாளையிலிருந்து வேற மெக்கானிக் வருவாரு. உங்க மச்சினன் இருக்கட்டும். மனுஷன் சொன்னதைச் சொன்னபடி செய்றாரு."

கதவு திறந்தது. அவர் வெளியேறினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கதவு மீண்டும் மூடிக்கொண்டது.